திரும்பப் படித்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் "இந்த ஆண்டு எத்தனை புத்தகம் படித்தீர்கள்?" என்று கேட்டு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். வாரத்துக்கு ஒன்று முடித்துவிடுவேன் என்று ஒருவர், நூறைத் தாண்டிவிட்டேன் என்று ஒரு தம்பி, போட்டோவில் அவர் தோள் உயரத்துக்கு அடுக்கிவைத்த புத்தகங்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் சந்தோஷம்தான், அதில் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பக்கத்தின் கீழே ஒரு கட்டம் போட்டு, பூர்த்தி செய்து அனுப்பச் சொல்லியிருந்தீர்களே, அதை அனுப்பலாம் என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

"இந்த ஆண்டு படித்த புதிய புத்தகங்களின் எண்ணிக்கை" என்று முதல் வரி. என் விடை இரண்டு. அதிலும் ஒன்றை முக்கால்வாசியில் மூடி வைத்திருக்கிறேன். ஆனால் நான் படிக்காமல் இருந்த நாளே கிடையாது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம், ராத்திரி படுப்பதற்கு முன்னால் கண் சொருகும்வரை, ஆண்டு முழுக்கப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் முன்பே படித்தவை. சில ஐந்தாம் தடவை, சில எத்தனையாவது என்று எனக்கே தெரியாது. இதை எந்த வரியில் எழுதுவது? உங்கள் கட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. பொன்னியின் செல்வன் கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை வந்தது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் அதே பத்திரிகை அதே கதையை மறுபடியும் தொடராகப் போட்டது, ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் என்ற முறையில் இதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முடிவு இன்னதென்று வீட்டுக்கு வீடு தெரிந்த கதையை, வாரத்துக்கு ஒரு துண்டாக, காசு கொடுத்து மறுபடி வாங்க ஆட்கள் இருந்தார்கள். என் அம்மாவும் ஒருத்தி. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில், அப்படி மறுபடி வந்தபோது, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்டாள். பச்சைக் காலிகோ போட்ட முதுகு, மைதாப் பசை வாசனை. கதையின் நடுவில் தைல விளம்பரமும் டானிக் விளம்பரமும் வரும். இன்றைக்கும் வந்தியத்தேவன் பழுவேட்டரையர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் இடம் வந்தால் எனக்குத் தலைவலித் தைலம் ஞாபகத்துக்கு வருகிறது, என்ன செய்ய.

அந்த பைண்டில் ஒரு குறை. யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தபோது இரண்டாம் பாகத்தில் சில பக்கங்கள் இல்லை. பூங்குழலியின் படகில் வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குப் போகிற ராத்திரி. அந்த இடம் வந்ததும் நான் அம்மாவிடம் ஓடுவேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "அதை நான் சொல்றேன், அப்புறம் நீ மேல படி" என்று ஆரம்பிப்பாள். கடல், இருட்டு, அலை, நட்சத்திரம். வந்தியத்தேவனுக்குக் குமட்டிக்கொண்டு வரும். பூங்குழலி மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, "இதை மோந்துக்கோ" என்று கொடுப்பாள். பூங்குழலி பாடும் பாட்டுக்கு அம்மாவே ஒரு மெட்டும் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் அந்தப் பகுதியைக் கேட்டேன், படிக்கவில்லை.

வேலைக்குப் போய்ச் சொந்தச் சம்பளத்தில் ஐந்து பாகங்களையும் வாங்கியபோது நான் முதலில் திறந்தது அந்த இடத்தைத்தான். படகு இருந்தது, கடல் இருந்தது, பூங்குழலியின் பேச்சு அம்மா சொன்னதைவிட எத்தனையோ மடங்கு நன்றாக இருந்தது. எலுமிச்சம்பழம் மட்டும் இல்லை. முன்னும் பின்னும் புரட்டினேன், கிடையாது. அம்மாவுக்கு பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது, ஊருக்குப் போகும்போதெல்லாம் முந்தானையில் ஒரு எலுமிச்சம்பழத்தை முடிந்துகொண்டுதான் ஏறுவாள். அதைத் தூக்கி வந்தியத்தேவனுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து கேட்டேன். "புத்தகத்துல இல்லையா? இருக்குமே, நல்லாப் பாரு" என்றாள், கொஞ்சமும் அசையாமல்.

ஐயா, அந்த அத்தியாயத்தை இப்போது நான் படிக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு படகு போகிறது. முதல் தடவை படிப்பவருக்கு ஒரு படகுதான்.

முதல் வாசிப்பில் நமக்குப் பறக்கத்தான் நேரம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார், யார் யாரை ஏமாற்றுகிறார்கள், நந்தினி யார் என்று கதை நம் கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆற்றங்கரையா, சாப்பாடா, நாலு பக்க வருணனையா, எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுவோம். முடிவு தெரிந்துவிட்டால் அந்தக் கயிறு இல்லை. சேந்தன் அமுதன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் நாமும் கூடவே ஒரு இலை போட்டுக்கொண்டு உட்காரலாம். கதையின் முதல் காட்சி ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், நமக்கு அது வீராணம், சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற அதே ஏரி. அந்தக் கரையையே நான் மூன்று தடவை வேகமாகக் கடந்துவிட்டேன். நாலாம் தடவைதான் நின்றேன். பக்கத்து ஊர் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடியில் இருக்கிற அனந்தீசுவரர் கோயில் சுவரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன், சோமன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர்களின் நிலத்தையெல்லாம் பறிமுதல் செய்ததைப் பேசுகிறது. கல்கியோ ஐந்து பாகம் எழுதியும் கொன்றது இன்னார்தான் என்று அடித்துச் சொல்லாமலே விட்டுவிட்டார். அவர் சொல்லாமல் விட்ட பெயர்கள் கதை தொடங்குகிற ஊரிலேயே கல்லில் இருக்கின்றன! வந்தியத்தேவன் முதல் நாளே அந்த வட்டாரத்தைத் தாண்டித்தான் குதிரையை விடுகிறான். இதைக் கவனிக்க எனக்கு நாலு தடவை ஆயிற்று. இதைப் புதிய புத்தகம் படித்த கணக்கில் சேர்த்துக்கொள்வீர்களா?

சினிமா வந்தது, 2022-இல் ஒன்று, 2023-இல் ஒன்று. இரண்டையும் பார்த்தேன், பார்த்துவிட்டு வந்து மறுபடி புத்தகத்தை எடுத்தேன், அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல.

என் பேத்தி கேட்கிறாள், "பாட்டி, தெரிஞ்ச கதையையே படிக்கிறியே, போர் அடிக்காதா?" அவள் கேட்ட அதே நேரத்தில் ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் பிறப்பதற்கு முன்னால் வந்த ஒரு காமெடியை, அடுத்து வரப்போகிற வசனத்தை முன்கூட்டியே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது வீடே. அதைப் பார்த்து யாரும் போர் அடிக்காதா என்று கேட்பதில்லை. கச்சேரிக்குப் போகிறவர் போன வருஷம் கேட்ட பைரவியைத்தான் இந்த வருஷமும் கேட்கப் போகிறார். புதிதாக எத்தனை ராகம் கேட்டீர்கள் என்று அவரை நிறுத்திக் கேட்டால் சிரிப்பார். புத்தகத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த ஓட்டப்பந்தயம்?

நம் ஊரில் இது பழைய பழக்கம் என்பதுதான் வேடிக்கை. மழை இல்லை என்றால் விராட பர்வம் படிக்கச் சொல்வார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்தால், அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான் என்று தெரிந்தேதான் ஊரே ராத்திரி கண் விழித்து உட்கார்ந்திருக்கும். சுந்தர காண்டத்தை ஒரு தடவை படித்து முடித்துவிட்டேன், இனி வேண்டாம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நன்னூல்கூடப் பாடத்தை இரண்டாம் முறை கேட்டவனுக்குப் பிழை வராது, மூன்றாம் முறை கேட்டவன் அதை முறையாக எடுத்துச் சொல்லத் தேறுவான் என்றுதான் சொல்கிறது. அப்புறம் வள்ளுவர். "நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு". பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட குறள்தான், நட்பு அதிகாரம். பல வருஷம் இதை நட்பைப் பற்றிய குறளாகவே வைத்திருந்தேன். ஒருநாள் உறைத்தது: உவமைக்கு எடுப்பது கேட்பவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும், தெரியாததைத் தெரிந்ததைக் கொண்டுதான் விளக்குவார்கள். நல்லவர் நட்பு எப்படி இருக்கும் தெரியுமா, படிக்கப் படிக்க ஒரு நூல் கொடுக்கிற இன்பம் மாதிரி என்று அவர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதை விளக்க ஒரு சொல் இல்லை. அந்தக் காலத்து ஆட்களுக்கு அது அத்தனை சாதாரணமாகத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் இப்போது கடிதம் எழுதி விளக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் கும்பகோணம் என்பதால் உ.வே.சா.வின் சுயசரிதையான என் சரித்திரம் எனக்குப் பக்கத்துத் தெருக் கதை மாதிரி. 1940 ஆரம்பத்திலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-இல் அவர் காலமானதால் பாதியில் நின்ற புத்தகம். 122 அத்தியாயம். முதல் தடவை படித்தபோது எனக்கு இருபத்து நாலோ ஐந்தோ வயது. சேலம் இராமசாமி முதலியார் வருகிற இடத்தில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1880, உ.வே.சா. இங்கே காவிரிக் கரையில் இருக்கிற கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியர், முதலியார் ஊருக்கு முன்சீபாக வந்திருக்கிறார். மரியாதைக்குப் பார்க்கப் போகிறார் இவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் பெரிய வித்துவானிடம் பாடம் கேட்ட தெம்பில் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று பட்டியலை அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. இதனாலெல்லாம் என்ன பிரயோசனம் என்கிற மாதிரி ஒரு பேச்சு. அப்புறம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை உண்டா, சிலப்பதிகாரம் உண்டா என்று கேட்கிறார். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு இளைஞனை இப்படியா மூக்கை உடைப்பது என்று நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் அந்த இடத்தை மறுபடி படித்தபோது சிரித்துவிட்டேன். உங்கள் ஞாயிறு இணைப்பு பக்கத்திலேயே கிடந்தது, அதனாலோ என்னவோ. எத்தனை புத்தகம் என்று ஒரு பட்டியல், அதைக் கேட்டு மசியாத ஒரு மனிதர்!

அதே புத்தகத்தில் இன்னொரு இடம், அதை முதல் இரண்டு வாசிப்பில் நான் கவனித்த ஞாபகமே இல்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணியை வைத்துக்கொண்டு இவர் புரியாமல் திண்டாடுகிறார். ஜைன சமயச் சொற்கள் பிடிபடவில்லை. இதே ஊரில் ஜைனர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்குப் போனால், வாசலில் கோலம், தோரணம். என்ன விசேஷம் என்று கேட்கிறார். சிந்தாமணி படித்து இன்றைக்குப் பூர்த்தி என்று பதில் வருகிறது. நினைத்துப் பாருங்கள். தமிழ் படித்த பெரிய படிப்பாளிகளே படிக்காமல் விட்டுவிட்ட ஒரு காவியம், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் பண்டிகை மாதிரி படித்து முடிக்கப்படுகிறது. வழிவழியாகத் திரும்பத் திரும்பப் படித்துவந்த மனிதர்கள் இருந்ததால்தான் அவர் போய்ச் சந்தேகம் கேட்க ஒரு வாசல் இருந்தது. 1887-இல் அவர் பதிப்பு வெளிவந்தது. அந்த வீட்டில் எல்லோரும் ஒரே தடவை படித்துவிட்டு அடுத்த சுவடிக்குத் தாவியிருந்தால் அவர் யாரிடம் போயிருப்பார்? பள்ளிக்கூடப் பாடத்தில் உ.வே.சா. சுவடி தேடி அலைந்த கதையைச் சொல்கிறோம், அந்தத் தோரணம் கட்டிய வீட்டையும் சேர்த்துச் சொல்லலாம்.

தி. ஜானகிராமனின் மோகமுள் நாவலைப் பற்றி ஒரே வார்த்தை. பத்தொன்பது வயதில் அதை உறை மாற்றிப் போட்டுப் படித்தேன், பாபுவுக்கும் யமுனாவுக்கும் என்ன ஆகிறது என்பதற்காக. நாற்பதைத் தாண்டியபின் நான் அதை எடுப்பதெல்லாம் பாபுவுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்கிற ரங்கண்ணாவுக்காக. அவர் இருக்கிற பக்கங்களை முன்பு எவ்வளவு வேகமாகத் தள்ளினேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எல்லாப் புத்தகமும் இப்படித் தாங்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். பதினைந்து வயதில் நான் உயிரை விட்ட ஒரு தொடர்கதை, பெயர் வேண்டாம், அதன் நாயகன் மாதிரி ஒருவன் கிடைப்பான் என்று வேறு நம்பியிருந்தேன். போன வருஷம் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது, ஆசையோடு வாங்கி வந்தேன். முப்பதாவது பக்கத்தில் அவன் கதாநாயகியை ஓங்கி அறைகிறான், அவள் மெய்சிலிர்த்துப் போகிறாள். அடப்பாவி என்று மூடினேன். அந்த வயதில் இது எனக்குத் தப்பாகவே படவில்லை என்பதுதான் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து இரண்டு மூன்று பழைய சினேகிதங்களை எடுக்கவே பயந்து அலமாரியிலேயே விட்டு வைத்திருக்கிறேன்.

படிக்காத புத்தகம் இத்தனை கிடக்கும்போது படித்ததையே படிப்பது நேர விரயம் இல்லையா என்று உங்கள் பக்கத்திலேயே ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எனக்கு அறுபத்திரண்டு வயது, சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கி வந்து பிரிக்காத பை இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கணக்குப் போட்டால் எனக்குத்தான் அவசரம் அதிகம். ஆனால் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும்போதும், வீட்டில் ஒரு சாவு விழுந்து தூக்கம் வராதபோதும், கை புதிய புத்தகத்துக்குப் போவதில்லை. தெரியாத ஊருக்கு அந்த நேரத்தில் யார் கிளம்புவார்கள். அம்மா போன அந்த வாரம் நான் படித்தது ஏற்கெனவே மனப்பாடமான ஒரு அத்தியாயத்தை. எதை என்று உங்களுக்கே தெரியும்.

பச்சை பைண்டுக்கு என்ன ஆயிற்று என்பதையும் எழுதிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் தீரட்டும். அம்மாவுக்கு ஒரு வழக்கம், ஒவ்வொரு தடவை முடிக்கும்போதும் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் மாதமும் வருஷமும் குறிப்பாள். நடுவில் பால் கணக்கும் இருக்கும். முதுகு விட்டுப்போய், ராமபாணப் பூச்சி அரித்து, தாள் தாளாக வர ஆரம்பித்ததும் ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். அழகாகத் தைத்து, புது அட்டை போட்டு, மூன்று பக்கமும் ஓரம் வெட்டிச் சீராக்கிக் கொடுத்தார். வெட்டிய ஓரத்தோடு அம்மாவின் குறிப்பும் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு "ஆடி", பாதி அறுந்த ஒரு "74", இரண்டு படி பால். அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, ஓரத்தில் எழுதியிருக்கிறது வெட்டாதீர்கள் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். பழைய புத்தகத்தை பைண்டுக்குக் கொடுப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஓரம் வெட்ட வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டு, ஒரு சீட்டிலும் எழுதி உள்ளே வையுங்கள். அம்மா அதை எத்தனை தடவை படித்தாள் என்று இனிமேல் யாருக்கும் தெரியாது. அவளிடம் உங்கள் கட்டத்தைக் கொடுத்திருந்தால், வருஷா வருஷம் புதிய புத்தகம் என்ற வரியில் பூஜ்யம்தான் போட்டிருப்பாள்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் போடும்போது கட்டத்தில் இன்னொரு வரி சேர்த்துவிடுங்கள்: எதைத் திரும்பப் படித்தீர்கள், எத்தனையாவது தடவை. முதல் ஆளாக நான் அனுப்புகிறேன். இடம் மட்டும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், என் கையெழுத்து பெரிது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.